கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது இசைத்தட்டை ஏன் வாங்க வேண்டும்?

ஆவாரம்பூ, கோவை

வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

எனக்கு வயது 27. பாட்டு கேட்கத் தொடங்கிய நாள் முதல் எல்லாமே கைப்பேசியில்தான். சென்ற மாதம் நண்பன் வீடு மாறினான். சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். அவனுடைய அப்பா ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டி, "வேண்டுமானால் எடுத்துக்கொள் தம்பி, இல்லையென்றால் காயலான் கடைக்குத்தான் போகும்" என்றார். உள்ளே 43 சிடிக்கள். பாதி திரைப்பாடல், பாதி கர்நாடக இசை. கூடவே ஒரு பழைய பிளேயரும் இரண்டு ஸ்பீக்கர்களும்.

அன்று இரவு இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தட்டைப் போட்டேன். மூடியை மூடியதும் உள்ளே தட்டு சுழலும் மெல்லிய சத்தம், இரண்டு மூன்று நொடி அமைதி, பிறகு வயலின்கள். கைப்பேசியில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை எழுந்திருக்காமல் கேட்டது அன்றுதான். முடிந்ததும் தட்டு தானாக நின்றது. அடுத்து வேறு எதுவும் ஓடவில்லை. அந்த நிசப்தத்தில் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நானே தேடிப்போய் ஐந்து தட்டுகள் வாங்கிவிட்டேன். "மாதாமாதம் சந்தாவும் கட்டுகிறாய், தட்டும் வாங்குகிறாய். ஒரே பாட்டுக்கு எத்தனை தடவை பணம் கொடுப்பாய்?" என்று அக்கா கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தட்டில் ஒலி உண்மையிலேயே மேலா? இல்லையென்றால் நீங்களெல்லாம் எதற்காக இன்னும் வாங்குகிறீர்கள்?


ஒலிக்கூடம், சென்னை

சத்தத்துக்காக வாங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். 18 ஆண்டுகளாக ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சிடியில் ஒரு நொடி இசை 44,100 மாதிரிகளாகப் பதிந்திருக்கும்; ஒவ்வொரு மாதிரியும் 16 பிட், இரண்டு சேனல். மனிதக் காதுக்கு அது போதும். இன்று பல செயலிகள் அதே தரத்திலோ அதற்கு மேலோ தருகின்றன.

இருந்தும் உங்களுக்கு வேறுபாடு கேட்டிருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, புளூடூத். பெரும்பாலான புளூடூத் ஹெட்போன்களுக்குப் போகும் ஒலி வழியில் மறுபடியும் சுருக்கப்படுகிறது. உங்கள் பிளேயரிலிருந்து ஸ்பீக்கருக்குக் கம்பி வழியாகப் போகிறது. இரண்டாவது, பதிப்பு. பழைய இசையை மறுவெளியீடு செய்யும்போது பலமுறை ஒட்டுமொத்த ஒலியளவை ஏற்றிவிடுகிறார்கள். மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இருந்த தூரம் அதில் குறைந்துபோகும். செயலியில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது நம் கையில் இல்லை. நேற்றிருந்தது இன்று மாறலாம். தட்டில் பதிந்தது பதிந்ததுதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நடைபாதைக் கடைகளில் 150 பாடல் போட்டு விற்ற எம்பி3 தட்டுகளை இதோடு சேர்க்காதீர்கள். அது சுருக்கிய கோப்பைத் தட்டில் எழுதியது, அவ்வளவுதான்.


அரசலாறு, கும்பகோணம்

ஆவாரம்பூ, உங்கள் அக்காவின் கேள்வி நியாயமானது. ஒலிக்கூடம் சொன்னதும் சரி. நான் தட்டு வாங்குவது அதன் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளுக்காக. அந்தத் தாளில் அச்சாகியிருக்கும் பெயர்களுக்காக.

என் அம்மாவின் மூத்த அண்ணன், ஒரு கையில் பிடித்து மறுகையால் தட்டும் சிறு தோல் வாத்தியமான கஞ்சிரா வாசித்தவர். பெரிய மாமா என்று கூப்பிடுவோம். ஊர் நாச்சியார்கோவிலுக்குப் பக்கத்தில். பெரும்பெயர் எடுத்தவர் அல்ல. ஆனால் கூப்பிட்ட கச்சேரிக்கு ஒருநாளும் தாமதமாகப் போகாதவர். மேடையில் பாடகர் நடுவில் இருப்பார், ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம். மாமா மிருதங்கத்துக்குச் சற்றுப் பின்னால், தூணோரமாக இருப்பார். நோட்டீஸில் இடம் இருந்தால் அவர் பெயரைப் போடுவார்கள். இல்லையென்றால் 'மற்றும் பக்கவாத்தியங்களுடன்' என்று முடித்துவிடுவார்கள். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தி எத்தனையோ காலம் ஆன பிறகும் இதுதான் நிலை.

1984 மார்கழியில் மாமா வாசித்த ஒரு கச்சேரியை யாரோ நல்ல கருவிகளை வைத்துப் பதிந்திருக்கிறார்கள். 15 ஆண்டுகள் கழித்து அது இரண்டு தட்டுகளாக வெளிவந்தது. மயிலாப்பூரில் சபா வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து 500 ரூபாய். அப்போது நான் மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். எனக்கு அது சின்னத் தொகை அல்ல. பாடகருக்காகத்தான் வாங்கினேன். அன்று இரவு கும்பகோணம் பஸ்ஸில், விளக்கை அணைப்பதற்கு முன்பு, தாளைப் பிரித்துப் படித்தேன். நான்கு மடிப்பு. முதல் பக்கத்தில் பாடகரின் படம். உள்ளே ஒவ்வொரு பாட்டுக்கும் ராகம், தாளம், இயற்றியவர், எத்தனை நிமிடம் என்று வரிசையாக இருந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்தால் மட்டுமே தெரிகிற எழுத்தில், வயலின், மிருதங்கம், அதற்குக் கீழே 'கஞ்சிரா' என்று போட்டு மாமாவின் பெயர். ஊர்ப் பெயரோடு.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, என் வீட்டுக்குப் போகாமல் நேராக மாமா வீட்டுக்குப் போனேன். அவரிடம் பிளேயர் கிடையாது. தாளை மட்டும் கொடுத்தேன். காதில் நூல் சுற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு திண்ணை வெளிச்சத்துக்கு வந்தார். ஒவ்வொரு வரியாக விரல் வைத்து இறங்கினார். கடைசி வரியில் விரல் நின்றது. "ஊர்ப் பெயரையும் போட்டிருக்கிறார்களே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. தாளை மடித்துக் கஞ்சிரா வைக்கும் துணிப்பைக்குள் வைத்துவிட்டார். அதைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் இன்னொரு முறை 500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உங்கள் அக்காவிடம் இதையும் சொல்லுங்கள்: ஒரே பாட்டுக்கு நான் இரண்டு தடவை பணம் கொடுத்தது உண்மை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேயரைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது தட்டில், ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால், பாடகர் சுருதியை ஒருமுறை பிடித்துப் பார்க்கிறார். அந்த இடைவெளியில் 'தொம், தொம்' என்று இரண்டு மெல்லிய தட்டு. நான் அதைக் கவனித்ததே இல்லை. மாமா சட்டென்று கையை உயர்த்தி, "அது நான்தான். தண்ணீர் தடவிவிட்டுத் தட்டிப் பார்க்கிறேன்" என்றார். கஞ்சிராவில் அந்தக் காலத்தில் கட்டியது உடும்புத் தோல். காய்ந்தால் விறைத்துச் சுருதி ஏறிவிடும். உட்புறமாகக் கொஞ்சம் தண்ணீர் தடவினால் இறங்கி, அந்தக் கும்மென்ற நாதம் வரும். மேடை விசிறிக் காற்றில் சீக்கிரம் காயும் என்பதால் நடுநடுவே தடவிக்கொண்டே இருக்க வேண்டும். 15 ஆண்டுகளுக்கு முன்னால் தன் கட்டைவிரலில் இருந்த ஈரத்தை அவர் அன்று மறுபடியும் கேட்டார்.

மாமா 2006இல் காலமானார்.

அதே கச்சேரி இன்று ஒரு செயலியில் இருக்கிறது. பாடகரின் படம் இருக்கிறது, பாட்டுகளின் முதல் வரி இருக்கிறது. வயலின் யார் என்று இல்லை. மிருதங்கம் யார் என்று இல்லை. கஞ்சிரா என்று ஒரு வாத்தியம் இருந்ததாகவே குறிப்பு இல்லை. இரண்டு பாட்டுக்கு ராகத்தின் பெயர் தவறு. இயற்றியவர் என்ற இடத்தில் பாடகரின் பெயரையே போட்டிருக்கிறார்கள். தியாகராஜர் எங்கே போனார் என்று தெரியவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் வெட்டிவிட்டார்கள். அந்த 'தொம், தொம்' அதில் கிடையாது. என் மகள் எல்லாவற்றையும் கைப்பேசியில் கேட்பவள். தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனியாவர்த்தனத்தில் கஞ்சிரா வாசிப்பது தன் தாத்தா என்று நான் சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரிய வழியே இல்லை. எனக்குப் பிறகு சொல்ல ஆள் இல்லை, தாள் இருக்கிறது.

நம் நாட்டில் இசைத்தட்டு தொடங்கியதே பெயர் சொல்லித்தான். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிந்தபோது, ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று உரக்கச் சொல்லி முடிப்பார். பதிந்த மூலத்தகடுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குக் கப்பலில் போய்த்தான் தட்டாக அச்சாகும். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியவர் யார் என்று தெரிந்தால்தானே சரியான பெயரை ஒட்டமுடியும்? தேவைக்காகச் சொன்னதுதான். ஆனாலும் 120 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தத் தட்டை எடுத்து ஊசி வைத்தால், அவரே தன் பெயரைச் சொல்கிறார்.

தட்டின் அளவும் பாட்டை வளைத்திருக்கிறது. இதையும் நான் தட்டுகளை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் தாத்தா வீட்டில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன் இருந்தது. 78 சுற்றுத் தட்டு, ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் அடக்கவேண்டும். ஆலாபனை என்பது நாலு பிடி. கொஞ்சம் பெரிய கீர்த்தனை என்றால் பாதியில் பாட்டை நிறுத்தித் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். பிறகு எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டு வந்தபோது ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. வித்வான்கள் மூச்சு விட்டுப் பாடினார்கள். சிடியில் 74 நிமிடம். கச்சேரியில் நெடுநேரம் விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவி உடையாமல் முழுதாக உட்கார்ந்தது அதில்தான். மாமாவின் தனியாவர்த்தனம் 11 நிமிடம் வெட்டுப்படாமல் வந்ததற்கு அந்த 74 நிமிடத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்ட இளையராஜா தட்டில் முதன்மை வயலின் வி.எஸ். நரசிம்மன். திரைப்பாடல்களில் எத்தனை நூறு முறை அவர் வில்லை நாம் கேட்டிருப்போம்! பாடல் தட்டின் உறையில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் என்ற மூவரோடு பெயர்கள் நின்றுவிடும். திரையிசையை நான் குறை சொல்வது இந்த ஒரு விஷயத்தில்தான்.

இன்னொன்று, தட்டைக் கடன் கொடுக்கலாம். யாருக்கு எதைக் கொடுத்தேன் என்று எழுதிவைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கச்சேரித் தட்டு ஒன்று எங்கள் தெருவில் நான்கு வீடு சுற்றி, தஞ்சாவூர் போய், எட்டு மாதம் கழித்து வேறொருவர் கையால் திரும்பி வந்தது. அதற்குள் தாளில் யாரோ ஒரு ராகத்தின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் 'அபாரம்' என்று எழுதியிருந்தார்கள். அழிக்காமல் வைத்திருக்கிறேன்.


சுமிதாக்கரை, தோக்கியோ

ஐயா, படித்து முடித்ததும் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்பது ஆண்டுகளாக இங்கே வேலை பார்க்கிறேன். உலகத்திலேயே முதல் சிடி பிளேயர் 1982 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது இந்த நாட்டில்தான். இன்றைக்கும் ஷிபுயாவில் டவர் ரெக்கார்ட்ஸ் கடை ஒரு முழுக் கட்டடத்தில் இயங்குகிறது. அமெரிக்காவில் அந்த நிறுவனம் 2006இல் கடையைக் கட்டிவிட்டது; ஜப்பானியக் கிளை அதற்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டதால் பிழைத்துக்கொண்டது. கடைக்காரர்கள் தாங்கள் கேட்டுப் பிடித்துப்போன தட்டின் மேல் சிறு அட்டையில் கையால் குறிப்பு எழுதி ஒட்டியிருப்பார்கள். ஜப்பானிய எழுத்து நான் ஓரளவு வேகமாகப் படிக்கக் கற்றது அந்த அட்டைகளில்தான்.

இங்கே தட்டின் உறைக்கு மேல் ஓரமாக ஒரு காகிதப் பட்டை சுற்றியிருக்கும். 'ஓபி' என்பார்கள், கிமோனோவில் கட்டும் இடைக்கச்சைக்கும் அதுதான் பெயர். விலை, எண், அறிமுகம் எல்லாம் அதில் இருக்கும். வாங்கியவர்கள் அந்தக் காகிதத் துண்டைக்கூடத் தூக்கி எறிவதில்லை. பழைய தட்டு விற்கும் கடையில் ஓபி இல்லையென்றால் விலையைக் குறைத்துவிடுவார்கள்.


ஆவாரம்பூ, கோவை

ஐயா, என்ன சொல்வதென்று தெரியவில்லை. உங்கள் பதிலை அக்காவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மாமா தாளில் விரல் வைத்த இடம் வந்தபோது அவள் மறுபடி படிக்கச் சொன்னாள்.

நேற்று இரவு 43 பெட்டிகளையும் திறந்து தாள்களைப் பார்த்தேன். 39இல் இருக்கிறது, நான்கில் இல்லை. பழைய தட்டு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், இருப்பதை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்வீர்களா?

இன்னொன்று. தாள் இல்லாத நான்கில் ஒன்று வீணைக் கச்சேரி. அதில் மிருதங்கத்தோடு, வாயில் வைத்து மீட்டும் மோர்சிங் சத்தமும் கேட்கிறது. வாசித்தவர் யாரென்று தெரியவில்லை. முன்பென்றால் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன்.


அரசலாறு, கும்பகோணம்

தம்பி, சொல்கிறேன்.

முதலில் தட்டைக் குப்புறத் திருப்புங்கள். தொழிற்சாலையில் அச்சானது என்றால் வெள்ளிபோல இருக்கும். பச்சையோ நீலமோ சாயம் தெரிந்தால் பெரும்பாலும் யாரோ கணினியில் எழுதியது, விலை கொடுக்காதீர்கள். நடுத் துளையைச் சுற்றி உள்வளையத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் செதுக்கியிருக்கும், அதையும் பாருங்கள். பிறகு விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோலப் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் வந்தால் உள்ளே இருக்கும் உலோகப் பூச்சு அரித்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது.

எல்லோரும் அடிப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் பெயர் அச்சிட்ட மேல்பக்கம்தான் பலவீனம். அடியில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. மேலே மெல்லிய பூச்சு ஒன்றுதான். அதன் மேல் பந்துமுனைப் பேனாவால் பெயர் எழுதி எத்தனை தட்டுகளைக் கெடுத்திருக்கிறார்கள்!

துடைப்பதாக இருந்தால், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தித் துணி. நடுத் துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுங்கள். சட்டி கழுவுவதுபோல வட்டமாகத் தேய்க்காதீர்கள். பாட்டு உள்ளிருந்து வெளியே சுருள்சுருளாகப் பதிந்திருக்கிறது. குறுக்கே விழுந்த கீறலைப் பிளேயர் சமாளித்துக்கொள்ளும். சுருளோடு சேர்ந்து ஓடும் கீறல் ஒரே இடத்தில் நிறையத் தின்றுவிடும்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுவில் இருக்கும் பற்களைக் கட்டைவிரலால் அழுத்தினால் தட்டு தானாக மேலே வரும். விளிம்பைப் பிடித்து வளைத்து இழுக்கக் கூடாது. இரட்டைத் தட்டுப் பெட்டிகள் சிலவற்றில் மெத்தைபோல ஒரு வட்டப் பஞ்சு வைத்திருப்பார்கள். இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நாளாக ஆக அது பிசினாகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். தாளைத் தைத்திருக்கும் கம்பி துருப்பிடித்திருந்தால் மெதுவாக நிமிர்த்திக் கழற்றிவிட்டு வெள்ளை நூலால் தைத்துவிடுங்கள். மாமாவின் தாளை நான் அப்படித்தான் காப்பாற்றினேன். அவர் போன பிறகு துணிப்பையோடு அதுவும் என்னிடம் வந்துவிட்டது.

வீணைத் தட்டு விஷயம். மேல்பக்கத்தில் நிறுவனத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வெளியீட்டு எண் அச்சாகியிருக்கும். அதை அப்படியே பார்த்து எழுதுங்கள். முதல் பாட்டு எது, மோர்சிங் எத்தனையாவது பாட்டில் தெளிவாகக் கேட்கிறது என்றும் சொல்லுங்கள். என்னிடம் வீணைத் தட்டுகள் 30க்கு மேல் இருக்கின்றன, எல்லாவற்றிலும் தாள் உண்டு. என்னிடம் இல்லையென்றால் கடன் நோட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறேன். பெயர் கிடைத்ததும் தாளை அப்படியே படமெடுத்து அனுப்புகிறேன். நீங்கள் அச்சிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.